நெழலுச் சோலி

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிவிட்டால் அடிவாரத்து முந்தல் ஊரில் ஒருவர் கூழ் குடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குடிக்க, இன்னொருவர் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க. இல்லாவிட்டால் பாதி கூழ், பாதி மண். போடியிலிருந்து மலையுச்சியில் இருக்கும் மேட்டுக்கு வண்டிச்சாலை போட ஆரம்பித்த பிறகு அந்த மண்ணோடு கல்தூளும் சேர்ந்துகொண்டது.

அதுவரை ஏலக்காய் மூட்டைகள் பொதிமாட்டு முதுகிலும் ஆள் தலையிலுமாக இறங்கின. இனி வண்டியில் இறங்கும், பிறகு மோட்டாரிலும் இறங்கும் என்று போடிக் கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் நிழலில் இருந்தார்கள். முந்தலில் வெயிலில் உட்கார்ந்து கல் உடைத்தவர்களில் பேச்சி ஒருத்தி.

அவள் புருஷன் வீரணன் மேலே பாறையில் வெடிக்குழி போடும் ஆள். நல்ல தேகம். மாசியில் மலைக்காய்ச்சல் வந்து படுத்தான். எழுந்தபோது தேகம் இருந்தது, தெம்பு இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் கண் இருட்டியது. ஒருநாள் கையில் கடப்பாரையோடு சாய்ந்தான். கொஞ்சம் தள்ளிச் சாய்ந்திருந்தால் பள்ளத்தில் கிடந்திருப்பான்.

பேச்சி அன்றைக்கே மேஸ்திரி திருப்பதியைப் பார்க்கப் போனாள்.

"மேஸ்திரியண்ணே, எங்க ஆளுக்கு வெயிலு ஆகல. அந்தக் கல்லாபீசுக்கு ஒரு ஆளு வேணுமாமே?"

"வேணும்தான். ஒனக்கு முந்தி ஊரே வந்து நிக்கிது. நெழலுச் சோலில்ல? வெயிலு கெடையாது, மழை கெடையாது. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கலாம்."

"அவருக்குப் பாத்துக் குடுங்கண்ணே. எங்கிட்ட ஒரு வெடக்கோழி நிக்கிது."

"கோழிக்கா நான் சோலி குடுக்கேன்?" திருப்பதிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுற நீயி?"

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"முட்டை வக்கிதா?"

"இந்தா, இந்த மாசம் வச்சிரும்ணே."

பங்குனியில் வீரணன் கல்லாபீசுக்குள் போனான்.

கல்லாபீசு என்பது ஆற்றோரத்தில் ஓடு போட்ட ஒரு நீளமான கட்டடம். எந்தக் கரட்டுக் கல் சாலைக்குத் தாங்கும் என்று பார்க்கிற இடம். ஒவ்வொரு கரட்டுக் குன்றிலிருந்தும் கல் கொண்டுவந்து முட்டி அளவுக்கு உடைத்து, கழுவி, கரியடுப்பின் மேல் தகட்டில் பரப்பி ஈரம் போக உலர்த்துவார்கள். பிறகு நிறுப்பார்கள். பிறகு சாய்வாக மாட்டியிருக்கும் இரும்புப் பீப்பாய்க்குள் கொட்டி மூடிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கல்லும் கல்லும் மோதித் தேயும். நாளெல்லாம் சுற்றிய பிறகு திறந்து, சலித்து, கல்லைத் தனியாகவும் தூளைத் தனியாகவும் நிறுப்பார்கள். தூள் குறைவாக விழுகிற கல் நல்ல கல். சுற்றுவதும் சலிப்பதும் வீரணன். நிறுப்பது ரைட்டர் ஜேசுதாஸ். மதுரையில் காலேஜில் படித்தவன், இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போட்டிருப்பான். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

சோலி கஷ்டமில்லை என்றுதான் வீரணன் சொன்னான். "செக்கு மாடு சுத்தி வரும். நான் நின்ன எடத்துலயே சுத்துறேன். அம்புட்டுத்தான்."

அந்த ஆடியில்தான் சங்கடம் வந்தது. சுற்றுவதற்கு முன் நிறுத்த எடையும், சுற்றிய பின் கல்லையும் தூளையும் சேர்த்து நிறுத்த எடையும் சரியாக இருக்க வேண்டும். ஒருநாளும் சரியாக இல்லை. எப்போதும் கொஞ்சம் குறைந்தது. சாலை வேலையைப் பார்க்க வரும் துரை தராசைத் தட்டிப் பார்த்தான். குறைந்த தூள் எங்கே போனது என்று கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து தட்டிலிருந்த தூளை அவன் மீசையில் கொண்டுவந்து அப்பியது.

அதோடு ஜன்னல்களை அடைத்தார்கள். பலகை இடுக்கில் சாக்கைத் திணித்தார்கள். ஓட்டு இடுக்கைக் களிமண்ணால் பூசினார்கள். கதவுச் சந்துக்குப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினார்கள். காற்று நின்றது. தராசு முள் ஆடாமல் நின்றது. எடை மட்டும் அப்போதும் குறைந்தது.

"ஆள் மேல ஒட்டிக்கிட்டுப் போகுது" என்று துரை கண்டுபிடித்தான்.

அன்றிலிருந்து பொழுது சாயும் நேரம் வீரணனைக் கோவணத்தோடு ஒரு துப்பட்டியின் மேல் நிறுத்தினார்கள். திருப்பதி குதிரைமயிர் பிரஷ்ஷால் தலையிலிருந்து கால்வரை தட்டினான். காது மடல், புருவம், அக்குள், விரலிடுக்கு எல்லாம். தலைத்துண்டை அதே துப்பட்டியில் உதறினார்கள். விழுந்த தூளைக் கூட்டி ஜேசுதாஸ் தராசில் சேர்த்தான். பிறகுதான் வீரணன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வரலாம்.

"என்னையத் தட்டி நிறுக்காகடி" என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். "எம்மேலுத் தூசிக்கு இருக்கிற மருவாதி எனக்கு இல்ல."

பேச்சியும் சிரித்தாள். வெளியே கல் உடைக்கிற மற்றவர்கள் எல்லாம் சாம்பலில் புரண்ட நாய்போல வீடு திரும்பினார்கள். அவளும் அப்படித்தான். அவள் புருஷன் மட்டும் குளித்து வந்தவன்போல வந்தான்.

ஆற்றில் தண்ணீர் மொள்ளும்போது ஆயம்மாள் கேட்டேவிட்டாள். அவள் புருஷன் காசிமாயன் இன்னும் மேலே பாறையில்தான் வெடிக்குழி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டி பேச்சி, ஒம் புருசன் சோலிக்குப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா? மாப்பிள்ளை கணக்கா வாரான்."

"நெழலுச் சோலிக்கா. மேலுல ஒரு பொட்டுத் தூசி இருக்காது."

"கோழி குடுத்தவ பேசுவ. எனக்கு இந்த ரோசனை வரலையே."

பேச்சி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த நடையில் கொஞ்சம் குலுக்கல் இருந்தது. அதை அவள் பிறகு பலமுறை நினைத்தாள்.

கார்த்திகையில் தேவாரம் பக்கத்துக் கரட்டிலிருந்து வெங்கச்சங்கல் வந்து இறங்கியது. வெள்ளைக் கல். உடைத்தால் உப்புப் பாறைபோல மின்னும். கல்லைக் கொண்டுவந்த காண்ட்ராக்டருக்குச் சாலை முழுக்க அதையே போட்டுவிட ஆசை. ஆனால் அது பீப்பாய்க்குள் மாவாக உதிர்ந்தது. எடை சரியில்லை, மறுபடியும் உருட்டு என்பான் காண்ட்ராக்டர். தூள் குறைகிறது, மறுபடியும் உருட்டு என்பான் துரை. இரண்டு பேர் சொன்னதற்கும் உருட்டியவன் ஒருவன்தான்.

தை பிறந்தபோது வீரணன் இருமினான். காய்ந்த இருமல். ஒன்றும் வெளியே வராது. முதலில் பனி என்றார்கள். பனி போனது, இருமல் போகவில்லை. பேச்சி ஆடாதோடைக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். இருமலுக்குக் கருப்பட்டி நல்லது என்று யாரோ சொன்னதால் தினமும் ஒரு சில்லு அவன் வாயில் போட்டு அனுப்பினாள். கொள்ளுரசம் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். சித்திரைக்குள் ஆற்றிலிருந்து வீடுவரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான்.

ஆற்றில் ஆயம்மாள் தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"ரத்தம் வருதாடி?"

"ரத்தம் எதுக்குக்கா வரணும்? வெறும் இருமல்."

"இப்பிடித்தான் எங்க பெரியப்பனுக்கு வந்துச்சு. வெறும் இருமல் வெறும் இருமல்ண்டாக. சயரோகமாப் போச்சு. நீ கஞ்சிச் சட்டியத் தனியா வச்சுக்கிற்றியா?"

பேச்சி குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள். அவள் மொள்ளுகிற இடத்துக்குக் கீழே யாரும் அதன்பிறகு மொள்ளவில்லை.

ஒருநாள் வீரணன் கஞ்சித் தூக்கை மறந்துவிட்டுப் போனான். பேச்சி சோளக்கஞ்சியும் கருவாடும் எடுத்துக்கொண்டு கல்லாபீசுக்குப் போனாள். இத்தனை காலத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. கதவைத் தட்டினாள். "நிறுக்குறோம், இரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெகுநேரம் நின்றாள். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. ஜேசுதாஸ் அவளை உள்ளே இழுக்காத குறையாக விட்டு உடனே சாத்தினான்.

பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. விளக்கைச் சுற்றி மார்கழிப் பனிபோல வெள்ளையாகத் தூள் நின்றது. அசையவில்லை. கரியடுப்பின் சூடு முகத்தில் அடித்தது, நெற்றிப்பொட்டு வலித்தது. பீப்பாய் ஓரத்தில் ஒரு வெள்ளை உருவம் நின்றது. அது கையை ஆட்டி, "இங்கிட்டு வா புள்ள" என்ற பிறகுதான் அது புருஷன் என்று தெரிந்தது. இமை வெள்ளை. மீசை வெள்ளை. இன்னும் முப்பது வருஷம் கழித்து அவன் எப்படி இருப்பான் என்று பார்த்ததுபோல அவளுக்கு இருந்தது.

"என்னய்யா இது?"

"என்ன?"

"தெனமும் இதுக்குள்ளயா நிக்கிறீக?"

"பெறகு? ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. தினமும் தட்டித் துடைத்து அனுப்பிய ஆளைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

ஜேசுதாஸிடம் திரும்பினாள். "ஐயா, அந்தச் சன்னல்ல ஒண்ணையாச்சும் தொறந்து விடுங்கய்யா."

"தொறந்தா எடை போயிரும்மா."

"போனா என்னாகும்?"

"மொதல்ல இருந்து உருட்டணும். ஒம் புருசன்தான் உருட்டணும்."

ஜேசுதாஸ் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினான். அவனுக்கும் அதே காய்ந்த இருமல். இருமி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"சன்னலத் தொறக்கலாமாண்டு நான் தொரைகிட்டக் கேட்டேன். ஆள் விழாம நிக்கிறானாண்டு கேட்டாரு. நிக்கிறாண்டேன். அப்பறம் என்னாண்டு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல."

வீரணன் பீப்பாயில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "ரைட்டரே, கொறையிற தூசிய நான் சந்தையில கொண்டுபோயி விக்கல. இந்தா, உள்ளதான் வச்சிருக்கேன்." நெஞ்சில் தட்டினான். "இதையும் தட்டி எடுக்க ஒரு பிரஷ்சு வாங்கச் சொல்லுங்க தொரைகிட்ட."

சிரிப்பு இருமலாக மாறி அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். பேச்சி அவன் முதுகைத் தடவினாள். அவள் தடவிய இடத்தில் தூள் பறந்தது. "மெதுவாம்மா" என்றான் ஜேசுதாஸ். சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் அவள் சண்டை போட்டாள்.

"நாளைக்கு நீங்க போகவேண்டாம்."

"போகாம? வெயில்ல போயி விழவா?"

"ஒண்ணும் செய்யவேண்டாம். படுத்துக் கெடங்க. நான் ரெண்டு ஆளுக் கல்லு ஒடைக்கிறேன்."

"ஆமா, ஒடைப்ப. நீதானடி போயி வாங்கிக் குடுத்த இந்தச் சோலிய. கோழியக் குடுத்து வாங்குனத எப்பிடி விடுறது? கோழியத் திருப்பிக் குடுப்பானா திருப்பதி?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அழுதுவிட்டாள். அவன் அவள் தலையில் கை வைத்தான். மறுநாளும் போனான்.

ஆடி முடியுமுன் அவனால் பீப்பாயை அசைக்க முடியவில்லை. திருப்பதி அவனை வெளியே அனுப்பினான். அன்றைக்கும் தட்டித்தான் அனுப்பினான்.

புரட்டாசியில் பேச்சியின் அண்ணன் சோணை மலையிலிருந்து பொதிமாட்டோடு இறங்கி வந்தான். மேட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோரில் தீ போடுகிறவன். ஸ்டோர் என்றால் பச்சைக் காய் உலர்த்துகிற கட்டடம். கீழே விறகு எரியும். இரும்புக் குழாய் வழியாகச் சூடு அறைக்குள் சுற்றும். தட்டுத் தட்டாக அடுக்கிய காய் வேர்த்து உலரும். சோணை வீரணனைப் பார்த்தான். வீரணன் சுவரில் சாய்ந்து, தோளை மூச்சுக்கு மூச்சு தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, பொதி ஏத்துன மாடு கணக்கா வாங்குற?"

"கல்லுப் பொதி மச்சான். எறக்க ஆளில்ல."

சோணை வெளியே வந்து தங்கையிடம் சொன்னான். "எங்க ஸ்டோருல சோலி பாக்குற எவனுக்காச்சும் நெஞ்சுச்சளி இருக்கா? கெடையாது. அந்த ஏல ஆவி அப்பிடி. உள்ள படுக்க வச்சா நெஞ்சுல கட்டுனது கல்லா இருந்தாலும் எளகி ஓடிரும். மேட்டுக்கு அந்தப்பக்கம் மலையாளத்து ஆளுக பிள்ளையத் தூக்கிட்டு வந்து ஆவி காட்டிட்டுப் போறாகளே."

"நெசமாவாண்ணே?"

"ஏலக்காய்க்குக் கேக்காத சளி எது?"

முந்தலில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். தலைவலிக்கு ஏலம், வாந்திக்கு ஏலம், நெஞ்சடைப்புக்கு ஏலம். பேச்சிக்கு இத்தனை மாதத்தில் முதல்முறையாக வழி தெரிந்தது.

கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, சோணையும் அவன் கூட்டாளி பால்பாண்டியும் தூக்கினார்கள். பேச்சி பின்னால் கஞ்சிக் கலயத்தோடு நடந்தாள். பாதி போட்ட சாலை, பிறகு பழைய மாட்டுப் பாதை. புலியூத்துக்கு மேலே சாரல் பிடித்தது. மேகம் காலுக்குக் கீழே போனது. தூளியை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். வீரணன் எழுந்து உட்கார்ந்தான். காற்று முகத்தில் அடித்தது. சட்டென்று அவன் தோள் குலுங்குவது குறைந்தது. வாயைத் திறந்து காற்றைத் தண்ணீரைப்போலக் குடித்தான்.

"ஏ புள்ள, இங்கனயே இருந்துக்கிருவமா? காத்து நல்லாருக்கு."

"ஈரக் காத்துய்யா இது. சளி எறுகிப்போகும்."

"கொஞ்ச நேரம்."

"வெரசாப் போயிருவம். அங்க போனா எல்லாம் சரியாப் போகும்." அவன் காதைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினாள். மூக்குக்குமேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஸ்டோரின் கதவைத் திறந்ததும் வாசனை நெஞ்சில் மோதியது. உள்ளே கொதிசூடு. பச்சைக் காயின் ஆவி சுவரில் வேர்த்து வழிந்தது. தட்டுகளுக்குக் கீழே சாக்கு விரித்து வீரணனைக் கிடத்தினார்கள். "கல்யாண வீட்டுப் பாயாசத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு" என்றான். அவள் முகம் மலர்ந்தது.

"ஆவி வெளிய போகக் கூடாது. போனா பிரயோசனமில்ல" என்றான் சோணை.

ஜன்னல் பலகையில் இரண்டு விரல் சந்து இருந்தது. பேச்சி தன் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தாள். கதவுக்குக் கீழே சாக்கைச் சுருட்டி வைத்தாள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. பெட்டிமேல் ஏறி நின்று அதையும் அடைத்தாள். வெளிச்சம் நின்றது.

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. அவன் வேர்த்தான். அவள் துடைத்தாள். சளி இளகவில்லை. மூச்சுதான் சின்னதாகிக்கொண்டு வந்தது, குஞ்சு மூச்சுபோல.

மறுநாள் உச்சிப்பொழுதில் கை தூக்கிக் கதவைக் காட்டினான்.

"தொற."

"இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்கங்கய்யா. இப்பத்தான் எளகுது."

"பேச்சி. தொற."

"என் ராசால்ல. இம்புட்டு நாளு தாங்குனீகல்ல."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை. கல்லாபீசுக் கதவருகே துப்பட்டியில் நின்று தட்டுவதற்குக் கையை விரித்துக் காட்டுவானே, அந்த மாதிரி இரண்டு கையையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தோள் தூக்குவது நின்றது.

சோணை வந்து கதவைத் திறந்தான். மலைக்காற்று உள்ளே புகுந்தது. அடைத்திருந்த சேலைத் துண்டு ஒன்று பறந்து அவன் காலடியில் விழுந்தது.

ஐப்பசியில் பேச்சி மறுபடியும் கல் உடைக்க உட்கார்ந்தாள். மழை விட்டிருந்த ஒரு காலையில் ஜேசுதாஸ் வந்து அவளுக்கு முன்னால் நின்றான். மெலிந்திருந்தான். போடிக்குப் போகும் வண்டியில் அவன் பெட்டி இருந்தது. சோலியை விட்டுவிட்டானா, விடச் சொன்னார்களா என்று அவள் கேட்கவில்லை.

"அந்த வெள்ளைக் கல்லு ஆகாதுண்டு முடிவாயிருச்சும்மா."

"எந்தக் கல்லு?"

"வீரணன் கடைசியா உருட்டுனது. சாலைக்கு வேண்டாம்ண்டுட்டாங்க. கருங்கல்லுதான் போடப்போறாங்க."

"ஏனாம்?"

"தூசி சாஸ்தியாம். சாலையில போற வர்ற குதிரைக்கு ஆகாதாம்."

பேச்சி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"குதிரைக்கா?"

"ஆமா."

அவள் அவனையே பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே வண்டிக்குப் போனான். அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம்தான் கல்லாபீசுக்குப் புது ஆள் போட்டுவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. காசிமாயன். பேச்சி பொழுது இறங்குமுன் எழுந்து ஆயம்மாள் வீட்டுக்கு நடந்தாள். ஆயம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆயம்மாக்கா, அண்ணன அங்க விடாதீக."

"எங்க?"

"கல்லாபீசுக்கு. உள்ள போயிப் பாத்தீகளா? நான் பாத்தேன்கா. மூச்சு விட எடமில்ல. அந்தத் தூசிதான் எங்க ஆளக் கொன்னுச்சு."

"தூசியா? ஒம் புருசன் சயத்துல செத்தான். ஊருக்கே தெரியும்."

"இல்லக்கா."

"ஒங்கண்ணன் ஸ்டோருல ஆவி காட்டியும் நிக்கலையே. தூசியா இருந்தா ஏலத்துக்குப் போகாதா?" ஆயம்மாள் முறத்தைத் தட்டினாள். "போடி. நெழலுச் சோலி கைய விட்டுப் போச்சேண்டு ஒனக்கு வயித்தெரிச்சல். நீ கோழி குடுத்த. நான் கெடாக்குட்டி குடுத்திருக்கேன். சும்மா வரல."

பேச்சி நின்றாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பேசிய குரல்.

ஆற்றுப்பக்கமிருந்து காசிமாயன் வந்தான். எண்ணெய் தேய்த்து முழுகியவன்போல உடம்பு மினுங்கியது. தலைமுடி படிந்திருந்தது. புருவம் கறுப்பாக, நகம் சுத்தமாக இருந்தது. பேச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

ஆயம்மாள் அதை வாங்கிப் பேச்சியின் முகத்துக்கு நேராக ஓங்கி உதறினாள்.

"தூசி தூசிங்கிறியே. நல்லாப் பாரு. ஒரு பொட்டு இருக்கா?"

பேச்சி பார்த்தாள். இல்லை.